முத்துவீரனுக்கு ஒத்தைச் சங்கு

இராஜபாளையத்தில் மங்களவிலாஸ் மில் சங்கைக் கேட்காமல் வளர்ந்த காது அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஷிஃப்ட் மாறும்போது மூன்று துண்டாக ஊதும். அதைக் கேட்டுத்தான் பக்கத்துத் தெருக்களில் உலை வைப்பார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள், டவுன் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுப் பழியைச் சங்கின் தலையில் போடுவார்கள். மில்லில் வேலை பார்த்தவர் யாராவது இறந்துபோனால் மட்டும் துண்டு கிடையாது, ஒரே இழுப்பாக நீளமாக ஊதும். பாடை மில் வாசலைத் தாண்டுகிற நேரம் பார்த்து ஊதும். அதற்கு ஒத்தைச் சங்கு என்று பெயர். அது கேட்டால் ஓடுகிற தறியை நிறுத்துவார்கள், தோளில் கிடக்கிற துண்டு கைக்கு வரும், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பார். அது ஓய்ந்த பிறகுதான் "யாருக்கு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அத்தனை வருஷமும் அந்தச் சங்கை ஊதியவர் டைம் ஆபீஸ் முத்துவீரன். சுவரில் ஒரு சிவப்புச் சுவிட்சு, அதன் மேல் அவர் விரல், அவ்வளவுதான் ஏற்பாடு. ஒத்தைச் சங்கு ஊதிய நாளில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே மனைவி சீனியம்மாள் கேட்பாள், "இன்னைக்கு யாருக்கு?" அவர் பேரைச் சொல்லுவார், பிறகு குளிக்கப் போவார். "மில்லுல சங்கு ஊதாம ஒருத்தனும் வாசலைத் தாண்டக் கூடாது. உசிரோட இருந்தாலும் அதான் சட்டம், செத்தாலும் அதான் சட்டம்" என்று அடிக்கடி சொல்லுவார். சீனியம்மாள் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டவள்.

முத்துவீரன் ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். குளிர்பெட்டி வந்தது, பந்தல் வந்தது, கூமாப்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். சீனியம்மாள் அழுது ஓய்ந்து, கொழுந்தன் மாரீஸ்வரனைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் பேண்டேஜ் துணித் தறி போட்டுப் பிழைக்கிறவன். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அறியாதவன்.

"மாரி, ஒத்தைச் சங்குக்கு மட்டும் சொல்லிட்டு வந்துருய்யா. அது ஊதாம அவிய தாண்ட மாட்டாக. அவிய கொணம் ஒனக்குத் தெரியும்."

"இது ஒரு விசயமா மதினி? இப்பவே போறேன்" என்று கிளம்பினான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

மில் வாசலில் காவல் இருந்த கருத்தையா முன்னாள் ராணுவக்காரர். முத்துவீரனோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தவர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து மாரீஸ்வரனின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவுக்கு வெளிப்பக்கம் இருந்த டைம் ஆபீஸுக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். சுவிட்சு இருந்த இடத்தில் சிமெண்டு பூசி, அதன்மேல் ஒரு படம் மாட்டியிருந்தது. படத்தில் ஒரு கை, கையின் மேல் பெருக்கல் குறி, கீழே 'கை படாத நிர்வாகம்' என்று எழுதியிருந்தது.

"எல்லாத்தையும் சர்வர்ல சேத்துட்டாங்கலே. சங்கு இங்கதான் ஊதும், ஆனா ஊதச் சொல்றது சீவில்லிபுத்தூர்ல இருக்கு. அங்க தானியங்கி மேலாண்மை மையம்னு ஒண்ணு. அங்க போய்க் கேளு."

"போன் போட்டுச் சொன்னா ஆகாதாண்ணே?"

"போன் போட்டா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு பொம்பளப்பிள்ள சொல்லும். சாவுக்கு எதை அமுக்கணும்னு அது சொல்லாது. நீ நேர்ல போ."

மாரீஸ்வரன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினான். வழி நெடுக அண்ணன் முகம்தான். சீட்டுக் கொடுக்க வந்த கண்டக்டர், அவன் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மீதிச் சில்லறையைக் கையில் வைத்து மூடிவிட்டுப் போனார்.

தானியங்கி மேலாண்மை மையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. மண்டபம் நொடித்துப்போனதும் மில் நிர்வாகம் வாங்கிப்போட்டது. மேடையில் இயக்குநர் பால்சாமியின் மேசை. சமையற்கட்டில் குழுக்கூட்டம். ஏசி வசதி இருந்த ஒரே அறையில் சர்வரை வைத்திருந்தார்கள். அதன் கதவில் 'மணமகள் அறை' என்ற பலகை இன்னும் இருந்தது. கழற்ற யாருக்கும் அனுமதி வரவில்லையாம்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவனை வரவேற்பு மேசையில் இருந்தவர் நிறுத்தினார்.

"எந்தச் சேவை?"

"மில் சங்குங்க. எங்க அண்ணன் இறந்துட்டாக. ஒத்தைச் சங்கு ஊதணும்."

"சேவையை இயக்கணும், நிறுத்தணும், நிறுத்தி மறுபடி இயக்கணும். மூணுல எது?"

"ஊதணுங்க."

"இயக்கணும்" என்று அவர் தட்டிக்கொண்டார். "அவசர நிலை என்ன? உயிருக்கு ஆபத்து இருந்தா முதல் நிலை. உடனே கவனிப்பாங்க."

"உசிரு போயிட்டுங்க."

"போயிடுச்சா? அப்போ ஆபத்து இல்லை." அவர் கடைசி நிலையைத் தட்டினார். "உட்காருங்க, கூப்பிடுவாங்க."

மாரீஸ்வரன் உட்கார்ந்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மனிதர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

உச்சிவேளை ஆனபோது மேடைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் பால்சாமி எழுந்து கை கூப்பி, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, நாற்காலி போடச் சொல்லி, ஒரு தட்டில் பால்கோவாவும் வைத்தார். துக்க வீட்டுக்காரன் இனிப்பைத் தொடுவானா என்று அவருக்குத் தோன்றவில்லை. வந்தவர்களுக்கு எல்லாம் அதுதான் கொடுப்பது என்று முறை இருந்தது.

மையம் எப்படி நடக்கிறது என்று அவரே விளக்கினார். கம்ப்யூட்டருக்குள் இடைவிடாமல் நடக்கிற ஒவ்வொரு வேலையும் ஒரு சேவை. வருகைப் பதிவு ஒரு சேவை, தண்ணீர் மோட்டார் ஒரு சேவை, வாசல் கதவு ஒரு சேவை, சங்கு ஒரு சேவை. எது எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதியதற்கு 'விரும்பிய நிலை' என்று பெயர். அதைக் காக்க ஒரு மென்பொருள் உண்டு. அதன் பெயர் நிலைகாத்தான். அது சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும். எழுதியபடி இல்லாத எதைக் கண்டாலும் பிடித்து எழுதிய நிலைக்கே தள்ளிவிடும்.

"வாங்க, தரிசனம் பண்ணிட்டு வந்துருங்க" என்று மணமகள் அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கதவுக்குச் சந்தனம், குங்குமம். தண்ணீர் சொட்டக் கூடாது என்பதால் பிளாஸ்டிக் மாலை. தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் கற்பூரத்துக்குப் பதில் ஒரு பேட்டரி விளக்கு. ஊழியர் ஒருவர் அதைப் பயபக்தியோடு மூன்று சுற்று சுற்றிக் காட்டினார். அறைக்குள் அடித்த குளிரில் மாரீஸ்வரனுக்கு வீட்டில் இருக்கிற குளிர்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆறு மாசம் முன்னால இந்த மில்லுல எங்க பார்த்தாலும் மனுஷன் கை" என்று பால்சாமி உருகிப்போய்ச் சொன்னார். "ஒருத்தன் மோட்டாரைப் போடுவான், ஒருத்தன் அணைப்பான், ஒருத்தன் சங்கை ஊதுவான். இன்னைக்கு என்னைப் பார்த்து, என்ன செய்றீங்கன்னு கேட்டா நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், ஒண்ணும் செய்யலன்னு. ஒண்ணும் செய்யாததுக்குத்தான் எனக்கு ரெண்டு விருது. நான் ஏதாச்சும் செய்ய ஆரம்பிச்சா அன்னைக்கே எல்லாம் கெட்டுப்போகும். எனக்கே தெரியும்."

"சார், ஒத்தைச் சங்கு?"

"சங்குக்கு மூணு நேரம் எழுதியிருக்கு. சாவுக்குன்னு ஒண்ணு எழுதல. திட்டம் போட்டப்போ யாரும் சாவாங்கன்னு யாரும் சொல்லலையே. விரும்பிய நிலையில இல்லாததை நான் எப்படி ஊதுவேன்?"

"யாரு விரும்புனது சார் அது?"

"குழு."

"நாங்க விரும்புனது அண்ணன் உசிரோட இருக்கணும்னுதான் சார்" என்றான் மாரீஸ்வரன். எதிர்த்துப் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. தொண்டைக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பால்சாமி உண்மையாகவே யோசித்தார். "அது நம்ம வரம்புக்குள்ள வராது" என்றார். பிறகு, கோப்பில் எழுதியதைத் திருத்துகிற மாற்றக் குழுவின் செயலாளர் பாண்டிதுரையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

பாண்டிதுரை சமையற்கட்டில், முன்பு அடுப்பு இருந்த மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்றார். இளைஞர், நல்லவர், எதையும் விதிப்படி செய்து பழகியவர். சங்குச் சேவையில் ஒரு மாற்றம் என்றால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்றார். மாரீஸ்வரன் பேரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், பாடை எந்த வழியாக வரும் என்று சொன்னான்.

"கடைசிக் கேள்வி. மாற்றம் சரியா வரலைன்னா பழைய நிலைக்கு எப்படித் திரும்புவீங்க?"

"புரியலைங்க."

"இப்போ ஒரு சம்பவம் நடக்குது, சங்கு ஊதுறோம். ஏதோ தப்பாயிருச்சுன்னு வைங்க. சம்பவத்துக்கு முன்னால எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுவரணும். அதுக்கு வழி இருக்கா?"

மாரீஸ்வரன் காலையை நினைத்துப் பார்த்தான். காலையில் அண்ணன் பல் துலக்கப் போகும்போது, "ஏலே, தறியில எண்ணெய் விடு, சத்தம் மாறுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் பழைய நிலை. அதற்குத் திரும்ப ஒரு வழி இருந்தால் இவன் ஏன் இந்தச் சமையற்கட்டில் நிற்கிறான்.

"இல்லைங்க" என்றான். "திரும்ப வழி இல்லைங்க."

"இல்லைன்னா குழு ஏத்துக்காதே" என்று பாண்டிதுரை வருத்தப்பட்டார். பிறகு அவரே மனமிரங்கி, 'திரும்பும் வழி உறவினர்களால் ஆராயப்பட்டு வருகிறது' என்று தட்டிக்கொண்டார். அடுத்தது சோதனை என்றார்.

எந்த மாற்றமும் மில்லுக்குப் போவதற்கு முன் இங்கே ஒத்திகை பார்த்தாக வேண்டும். மண்டபத்தின் பந்திக்கூடத்தில் அட்டையில் ஒரு மில் வாசல் செய்து நிறுத்தினார்கள். மேலே ஒரு சின்ன ஒலிபெருக்கி. பாடைக்கு ஒரு பெஞ்சு. படுக்க ஆள் வேண்டும். ஊழியர்கள் படுத்தால் காப்பீடு ஏற்காது என்றார்கள். வெளியாள் என்று அங்கே இருந்தது ஒரே ஆள்தான்.

"செத்த நேரம்தான் சார், சும்மா படுங்க" என்றார் பாண்டிதுரை. "சீக்கிரம் முடிஞ்சா உங்களுக்குத்தானே நல்லது."

மாரீஸ்வரன் படுத்தான். சொல்லவே நாக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. வீட்டில் அண்ணன் கிடக்க, இவன் இங்கே பெஞ்சில் கிடந்தான். நான்கு பேர் தூக்கினார்கள். கூரையில் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு ஒட்டிய ஜரிகைக் காகிதம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அட்டை வாசலைத் தாண்டும்போது ஒலிபெருக்கி 'கீ' என்று நீளமாகக் கத்தியது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே அவனுக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது, தோள் குலுங்கியது, பெஞ்சும் சேர்ந்து குலுங்கியது.

"இறக்குங்க, இறக்குங்க" என்று பாண்டிதுரை கையைத் தூக்கினார். மடிக்கணினியில் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "சோதனை தோல்வி. காரணம், இறந்தவர் அழுதார்."

மறு சோதனைக்குத் தேதி தருவதாகச் சொன்னார்கள். அதற்குள் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும், எங்கேலே போய்த் தொலைந்தாய் என்று பெரியவர்கள் கத்தினார்கள். மாரீஸ்வரன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது சத்யப்பிரியா வந்தாள். சர்வரைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"அண்ணே, எங்கப்பாவும் மங்களவிலாஸ்தான்" என்றாள் மெதுவாக. "அப்பா போனப்போ நான் சின்னப்பிள்ள, அப்பாவை எடுத்துட்டுப் போன பொறவும் வீட்டுல சுருண்டு கிடந்தேன். ஒத்தைச் சங்கு கேட்டுத்தான் எழுந்து நின்னேன். ஊதுனது உங்க அண்ணனாத்தான் இருக்கும். நீங்க போங்க. பாடை வாசல்கிட்ட வாரப்போ எனக்கு ஒரு போன் போடுங்க. நான் கையால இயக்குதேன்."

"ஒனக்கு ஒண்ணும் வராதாம்மா?"

"வரும். வரட்டும்."

பாடை கிளம்பியது. மேளமும் வெடியுமாகத் தெரு அதிர்ந்தது. சீனியம்மாள் தெருமுனை வரை வந்து, பெண்கள் பிடித்துக்கொள்ள, அங்கேயே நின்றுவிட்டாள். பெண்கள் அதற்குமேல் போகிற வழக்கம் இல்லை. "காதைத் தீட்டிக்கிட்டு நிப்பேன் மாரி" என்று மட்டும் சொன்னாள்.

மில் வாசல் வந்தது. கருத்தையா தொப்பியைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றார். மாரீஸ்வரன் போன் போட்டான். மேலே சங்கு உறுமி, மெல்ல ஏறியது. ஊரே கேட்கிற அந்தக் குரல் எழும்பிய வேகத்தில், யாரோ வாயைப் பொத்தியதுபோல அறுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி அறுந்தது. மூன்றாம் முறை ஒரு விக்கல் மட்டும் வந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை.

"அண்ணே" என்று போனில் சத்யப்பிரியா அழுதாள். "நான் இயக்க இயக்க நிலைகாத்தான் நிறுத்துது. இது எழுதுனதுல இல்லாத விலகல்னு அது கண்டுபிடிச்சுட்டு. சங்குச் சேவையையே பூட்டி முத்திரை வச்சுட்டு. இனி யாரு சொன்னாலும் ஓடாது. பால்சாமி சார் வந்துட்டாரு, வைக்கேன்."

கூமாப்பட்டிப் பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். நாலு மணிச் சங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அது ஊதும்போது தாண்டிவிடுவோம் என்றார். அது வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு, போகிறவரை அனுப்புகிற சங்கு இல்லை என்று மாரீஸ்வரனுக்குத் தெரியும். ஆனாலும் வேறு என்ன செய்ய. பாடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நாலு மணிச் சங்கும் ஊதவில்லை. ஒத்தைச் சங்குக்கு வைத்த முத்திரை எல்லாச் சங்குக்கும் விழுந்துவிட்டது.

சங்கு ஊதினால்தான் வாசல் கதவு திறக்கும் என்று விரும்பிய நிலையில் எழுதியிருந்தது. சங்கு ஊதாததால் கதவு திறக்கவில்லை. ஷிஃப்ட் முடித்தவர்கள், முத்துவீரனோடு வேலை பார்த்தவர்கள், அவர் பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று தலையில் பஞ்சோடு ஓடி வந்தவர்கள் எல்லாரும் கம்பிக்கு உள்ளே நின்றார்கள். கம்பிக்கு வெளியே பாடை கிடந்தது. கருத்தையா கதவைப் பிடித்து உலுக்கினார். எல்லையில் நின்று துப்பாக்கி பிடித்த கைதான், ஆனால் கதவு அசையவில்லை. கம்பி இடுக்கு வழியாக ஒருவர் துண்டை நீட்டினார். மாரீஸ்வரன் அதை வாங்கி அண்ணன் காலில் வைத்தான். இருட்டுவதற்குள் சுடுகாடு போக வேண்டும். பாடையைத் தூக்கினார்கள். சங்கு ஊதாமலே முத்துவீரன் வாசலைத் தாண்டினார்.

திரும்பி வந்து குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றவனிடம் சீனியம்மாள் கேட்டாள்.

"ஊதுச்சாய்யா?"

மாரீஸ்வரன் அதுவரை மதினியிடம் பொய் சொன்னதில்லை. அவள் கண்ணைப் பார்த்தான். காலையிலிருந்து ஒரு வாய் காப்பி குடிக்காத முகம்.

"ஊதுச்சு மதினி. நீளமா ஊதுச்சு."

"கேட்டுச்சுய்யா" என்று அவள் தலையை ஆட்டினாள். "மேளச் சத்தத்துல கொஞ்சமாத்தான் கேட்டுச்சு. ஆரம்பிச்சது கேட்டுச்சு. பொறவு வெடியைப் போட்டுட்டாங்க." சுவரில் சாய்ந்துகொண்டாள். "போதும். நல்லபடியாப் போயிட்டாக."

அன்று அவள் இரண்டு வாய் சோறு தின்றாள். தூங்கவும் தூங்கினாள். அந்த விக்கல் சத்தத்துக்காக மாரீஸ்வரன் சத்யப்பிரியாவை மனதாரக் கும்பிட்டான். அந்தப் பெண்ணைப் பற்றிக் கருத்தையா பிறகு சொன்னார். வேலையை விட்டு நீக்கவில்லையாம். விசைப்பலகை இல்லாத மேசை ஒன்றில் உட்கார வைத்து, தினமும் 'தொடாமை' என்ற பயிற்சிக் காணொளியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். சங்குக்கு வைத்த முத்திரையை எடுக்கவே ஒரு குழு கூடியதாம்.

கருமாதி முடிந்து, பந்தல் பிரித்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஒரு நாள் மாரீஸ்வரனுக்குப் போன் வந்தது. பாண்டிதுரை. குரலில் சந்தோஷம் பொங்கியது.

"வாழ்த்துகள் சார். உங்க மாற்றத்தைக் குழு ஏத்துக்கிச்சு. மறு சோதனைக்கு நாங்களே ஒரு ஆளைப் படுக்க வச்சோம். அழவே இல்லை, அருமையா இருந்தாரு. நாளைக்குப் பகல்ல உங்க அண்ணனுக்கு ஒத்தைச் சங்கு ஊதும். கோப்புலயே எழுதியாச்சு."

மாரீஸ்வரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "வேண்டாம் சார். காரியமெல்லாம் முடிஞ்சுபோச்சு. நிறுத்திருங்க சார்."

"நிறுத்துறதும் ஒரு மாற்றம்தானே சார். அதுக்கு நீங்க புதுசா விண்ணப்பிக்கணும். சோதனை வைக்கணும். நாளைக்குள்ள ஆகாதே."

"எங்க மதினி கேட்டுருவாக சார்."

"கேக்கணும்னுதானே சார் கேட்டீங்க?"

பாண்டிதுரை மறுபடியும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் காலையிலேயே போய், "அய்யனார் கோவில் பக்கம் ஒரு நடை போயிட்டு வருவோமா மதினி, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "துக்க வீட்டுப் பொம்பள அதுக்குள்ள வாசப்படி தாண்டுவாளாய்யா? ஒனக்கு என்ன வந்துச்சு இன்னைக்கு?"

அவனுக்கு வேறு வழி ஒன்று தோன்றியது. உச்சிவேளை நெருங்கியபோது தறிக் கொட்டகையில் எல்லாத் தறிகளையும் ஒன்றாக ஓட விட்டான். இடையில் ஒரு சுவர்தான். தடதடவென்று சீனியம்மாள் வீட்டுச் சட்டி பானையே அதிர்ந்தது. இந்தச் சத்தத்தில் சங்கு என்ன, வானம் இடிந்து விழுந்தாலும் கேட்காது. தறி ஓட்ட வருகிற தங்கபாயிடம், "எது நடந்தாலும் நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு மதினி வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். சீனியம்மாள் உள்ளே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

தறிச் சத்தத்துக்கு அடியில் எங்கோ அது தொடங்கியது. தன் காதுக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தான். மதினி நிமிரவில்லை. கடவுளே, இன்னும் செத்த நேரம், செத்த நேரம் போதும் என்று வேண்டிக்கொண்டான்.

தறிகள் நின்றன. ஒவ்வொன்றாக, கடைசித் தறி வரை.

கொட்டகை வாசலுக்கு வந்த தங்கபாய் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒத்தைச் சங்கு கேட்டால் தறியை நிறுத்த வேண்டும். தறிச் சத்தத்துக்குள்ளும் அதைப் பிரித்துக் கேட்க அவள் காதும், நிறுத்த அவள் கையும் பிறந்ததிலிருந்து பழகியிருக்கின்றன. முதலாளி சொன்ன வார்த்தை அந்த நேரத்தில் அவளுக்கு நினைவிலேயே இல்லை.

அடங்கிப்போன தெருவில் சங்கு மட்டும் ஊதியது. துண்டும் இல்லை, விக்கலும் இல்லை. முழுசாக, நீளமாக, ஒரு குறையும் இல்லாமல் ஊதியது. எதிர்வீட்டுக்காரர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். சீனியம்மாளும் சுளகை வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அது ஓயும் வரை நின்றாள். ஓய்ந்ததும், இத்தனை வருஷமும் கேட்டதுபோலவே கேட்டாள்.

"யாருக்குய்யா?"

மாரீஸ்வரன் வாயைத் திறந்தான். ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். மில்லில் பேருக்கா பஞ்சம். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவன் பேரைச் சொல்ல அவன் நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழத் தொடங்கினான். அவள் அவனையே பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு விளங்கியது.

"அவியளுக்கா?"

அவன் தலையை ஆட்டினான்.

"அப்போ அன்னைக்கு ஊதலையா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினான். சீனியம்மாள் படியில் உட்கார்ந்தாள். மில் இருக்கிற திசையைப் பார்த்தாள். நல்ல வெயில்.

"இம்புட்டு நாளும் அவிய அந்த வாசல்லயேவா நின்னுக்கிட்டு இருந்தாக?"